அனோரெக்சியா வந்த பிள்ளைக்குச் சத்து மாத்திரை, டானிக், பவுடர்: எது எப்போது, எது வேண்டாம்

ஜூன் 4, இரவு 9.12 – வண்டிப்பாளையம்_வாசகி

அக்கா பொண்ணுக்கு 15 வயசு. உயரம் 155 செ.மீ., வெயிட் 36 கிலோ. ஆறு மாசத்துல இறங்கினது. பீரியட்ஸ் நின்னு நாலு மாசம் ஆச்சு. அனோரெக்சியான்னு (எடை ஏறிடும்னு பயந்து சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே போற நோய்) டாக்டர் சொல்லிட்டார். வீட்ல இப்ப மல்ட்டிவிட்டமின், இரும்புச்சத்து மாத்திரை, முடி கொட்டுதுன்னு பயோட்டின், பசி எடுக்க ஒரு சிரப், புரோட்டீன் பவுடர் எல்லாம் வரிசையா நிக்குது. சாப்பாட்டுக்கு மல்லுக்கட்ட வேண்டாம், சத்தை மாத்திரையா உள்ளே அனுப்பிட்டா உடம்பு தேறிடும், அப்புறம் தானா சாப்பிடுவாள்னு வீட்ல சொல்றாங்க. இது சரியா?

ஜூன் 4, இரவு 9.50 – தட்டும்தம்ளரும்

சரியில்லை. மாத்திரையில் கலோரி கிடையாது. இந்த நோயில் உடம்புக்குக் குறைவது முதலில் கலோரிதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது.

மாத்திரைப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். 36-ஐ 1.55-ஆல் இரண்டு தரம் வகுத்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 15. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 15 வயதுப் பெண்பிள்ளையின் நடு அளவு 20.2. 15-ஐ 20.2-ஆல் வகுத்தால் 74 சதவீதம். 75-க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய வரம்பு. நாளைக் காலை படுத்த நிலையில் நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பகலில் விழித்திருக்கும்போது 50-க்குக் கீழ் இருந்தாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டி மயக்கம் வந்தாலோ, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ் இருந்தாலோ அன்றே கிளம்புங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் 74 சதவீதம் என்ற அந்த ஒரு எண்ணே போதும், இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். ஜிப்மரோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, சிதம்பரம் மருத்துவக் கல்லூரியோ, எங்கே போனாலும் குழந்தை மருத்துவம், மனநலம் இரண்டு துறையும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசுவார்கள்.

ஜூன் 4, இரவு 10.25 – தட்டும்தம்ளரும்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இதுதான் அவசரம். மயக்கம் வந்தால் பக்கத்து கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுகோஸ் ஏத்திடலாம்" என்பார்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் தயமின் (பி1 விட்டமின்) கொடுக்காமல், ரத்தம் பார்க்காமல் குளுகோஸ் ஏற்றுவது ஆபத்து.

சர்க்கரை உள்ளே போனதும் இன்சுலின் எழும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் அது செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு சட்டென்று சரியும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சுத் தசை தளரலாம். சர்க்கரையை எரிக்க தயமின் வேண்டும். ஏற்கெனவே குறைந்திருந்த தயமினும் காலியானால் குழப்பம், கண் ஆட்டம், நடை தள்ளாட்டம். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். இவ்வளவு ஆபத்துக்கும் கிடைப்பது என்ன? 5 சதவீத குளுகோஸ் 500 மி.லி.யில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிக்குள். ஒரு தம்ளர் பாலில் அதைவிட அதிகம் இருக்கிறது.

விரலில் குத்திப் பார்த்து ரத்தச் சர்க்கரை உண்மையிலேயே இறங்கியிருந்தால் குளுகோஸ் கொடுத்தே ஆக வேண்டும், தயங்கக் கூடாது. அப்போது தயமினும் கூடவே போக வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக "இந்தப் பிள்ளை மாசக்கணக்குல சரியா சாப்பிடலை" என்று சொல்லுங்கள். மயக்கம் என்று மட்டும் சொன்னால் மயக்கத்துக்கு உள்ள வைத்தியம்தான் நடக்கும்.

ஜூன் 5, காலை 6.40 – லாஸ்பேட்டை_செவிலி

லேப் விஷயம் ஒன்று. சீட்டில் "எலக்ட்ரோலைட்ஸ்" என்று எழுதினால் நம்ம ஊர் லேப்களில் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சில இடங்களில் பைகார்பனேட், அதோடு சரி. பாஸ்பரஸும் மெக்னீசியமும் அதில் வராது. தனியாக எழுதச் சொல்லுங்கள். சாப்பாடு கூட்டத் தொடங்கும் முன் ஒரு தரம், அப்புறம் முதல் வாரம் தினமும் அல்லது டாக்டர் சொல்லும் இடைவெளியில். கூடவே ஒரு ஈ.சி.ஜி.

ஜூன் 5, காலை 7.15 – தட்டும்தம்ளரும்

செவிலியம்மா சொன்னதோடு ரிப்போர்ட் படிக்கும் விதத்தையும் சேர்க்கிறேன். முதல் நாள் பாஸ்பரஸ் 4.2, மூன்றாம் நாள் 3.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே "நார்மல்" வரம்புக்குள் இருக்கும், லேப் தாளில் சிவப்பு அடையாளம் வராது. ஆனால் இறக்கம் 26 சதவீதம். அமெரிக்க மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான ஆஸ்பென் 2020-இல் வகுத்தபடி, உணவு கூட்டிய ஐந்து நாளுக்குள் 10 முதல் 20 சதவீதம் இறங்கினால் லேசான ரீஃபீடிங், 20 முதல் 30 என்றால் நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். அதனால் ஒரு தாளைத் தனியாகப் பார்க்காதீர்கள். எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதையே டாக்டரிடம் நீட்டுங்கள்.

ஜூன் 5, மதியம் 1.30 – முதுநகர்_மருந்தாளுநர்

கடையில் கேட்டு வாங்கிப்போவதை வைத்து நான் பார்ப்பது: இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாரும் கேட்பது பசி சிரப். சைப்ரோஹெப்டடின். தூக்கம் வரவைக்கும் மருந்து, அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இது இந்த நோய்க்கு வேலை செய்யுமா?

ஜூன் 5, இரவு 8.05 – தட்டும்தம்ளரும்

இந்த நோயில் பசி இல்லாததால் பிள்ளை சாப்பிடாமல் இருப்பதில்லை. பசித்தாலும் சாப்பிடப் பயம். பசியைக் கூட்டினால் பயமும் கூடும். 1986-இல் வந்த ஒரு ஆய்வில், வெறுமனே உணவைக் குறைப்பவர்களுக்குச் சைப்ரோஹெப்டடின் கொஞ்சம் உதவியது. அளவு மீறித் தின்று வாந்தி எடுப்பவர்களுக்கு நிலைமையை மோசமாக்கியது. வீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி எடுப்பது தெரியாமலேயே இருக்கலாம். அதனால் டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

வாசகி சொன்ன வரிசையில் இன்னும் இரண்டு.

இரும்பு. நீண்ட பட்டினியில் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ரத்த அளவு) குறையாமல், சில நேரம் கூடியே இருக்கும். எலும்பு மஜ்ஜையே சுருங்கி வேலையைக் குறைப்பதால்கூட ஹீமோகுளோபின் இறங்கும். அங்கே இரும்பு கொடுத்துப் பயனில்லை, மலச்சிக்கலும் வயிற்று உப்பலும்தான் மிச்சம். ஏற்கெனவே இரைப்பை மெதுவாகக் காலியாகும் பிள்ளைக்கு அது "சாப்பிட்டாலே வயிறு வலிக்குது" என்ற காரணத்தைக் கையில் கொடுக்கும். ஃபெரிட்டின் பார்த்துக் குறைவு என்று தெரிந்தால் மட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரை (60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) நல்ல திட்டம். அதையும் பட்டியலில் எழுதி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மேலே இன்னொன்று விழாமல் இருக்கும்.

பயோட்டின். கூந்தலுக்கு விற்கும் மாத்திரையில் 5 முதல் 10 மி.கி. வரை இருக்கும், உடம்புக்கு வேண்டியதோ மைக்ரோகிராம் கணக்கு. கேடு வேறு இடத்தில்: அந்த அளவு பயோட்டின் சில தைராய்டு பரிசோதனைகளைக் குழப்பும். டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். மெலிந்த பிள்ளை, நெஞ்சு படபடப்பு, இந்த ரிப்போர்ட், மூன்றும் சேர்ந்தால் தைராய்டு கூடுதல் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். முடி கொட்டுவது நிற்க எடை ஏற வேண்டும், அதற்கும் மாதங்கள் பிடிக்கும்.

தைராய்டு என்றதும் இன்னொன்று. பட்டினியில் தைராய்டு ஹார்மோன் டி3 குறைவது உடம்பு செலவைச் சுருக்குவதால். அதற்குத் தைராக்சின் மாத்திரை போட்டால் இருக்கிற எடையும் இறங்கும், இதயத்துக்கும் சுமை.

ஜூன் 6, காலை 6.20 – வண்டிப்பாளையம்_வாசகி

நாடி 46. கிளம்பிட்டோம்.

ஜூன் 6, காலை 6.31 – தட்டும்தம்ளரும்

நல்ல முடிவு. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அட்டை கிழித்ததும் சேர்த்து. பெயர் சொல்வதைவிட டப்பாவைக் காட்டுவது மேல்.

ஜூன் 8, இரவு 9.00 – லாஸ்பேட்டை_செவிலி

பழைய வழக்கப்படி ரொம்பக் குறைவான கலோரியில் தொடங்கி மெல்ல ஏற்றுவதுதான் பாதுகாப்பு என்று படித்திருக்கிறோம். இப்போது நேரே 2000-த்தில் தொடங்குவதாகவும் கேள்விப்படுகிறேன். எது?

ஜூன் 8, இரவு 9.40 – தட்டும்தம்ளரும்

2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஸ்ட்ராங் என்று பெயர். 12 முதல் 24 வயது வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். ஒரு பிரிவுக்கு 1400 கலோரியில் தொடங்கி ஒன்றுவிட்ட நாள் 200 கூட்டினார்கள். மறு பிரிவுக்கு 2000-த்தில் தொடங்கி தினமும் 200. இரண்டாம் பிரிவு மூன்று நாள் முன்பாகவே தேறியது. பாஸ்பேட், பொட்டாசியம் சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் அங்கே தினமும் ரத்தம் பார்த்தார்கள், இறங்கியதும் ஈடு செய்தார்கள். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வீட்டில் முதல் நாளே 2000 கொடுக்க முடியாது. மிக மெலிந்த, பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாத பிள்ளைக்கு ஆஸ்பத்திரியிலும் குறைத்தே தொடங்குவார்கள். அதேபோல் பயந்து 600, 800 கலோரியில் ஒரு வாரம் ஓட்டுவதும் கேடுதான், அந்த வாரம் எடை இன்னும் இறங்கும்.

தொடக்க நாட்களில் உண்மையிலேயே மருந்தாக வேலை செய்யும் சத்துகள் இவைதான்: தயமின், முதல் வாய் உணவுக்கு முன்பே, தினம் 100 மி.கி.யாவது, குறைந்தது 5 முதல் 7 நாள், தேவைப்பட்டால் மேலும். பாஸ்பேட், ரத்த அளவைப் பார்த்து. பொட்டாசியம், மெக்னீசியம், அதேபோல். மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது, முதலில் அதைச் சரிக்கட்ட வேண்டும். அளவை டாக்டர் முடிவு செய்வார்.

ஜூன் 9, காலை 7.05 – தட்டும்தம்ளரும்

பாஸ்பேட் பற்றி நேற்றுச் சொல்லாதது. பால் நல்ல பாஸ்பேட் மூலம், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 900 மி.கி. பாஸ்பரஸ். அதனால் முதல் வார உணவில் பால், தயிர் தாராளமாக இருக்கட்டும். அதே வாரத்தில் கெடுக்கக்கூடியவை இரண்டு. "எலும்புக்கு" என்று சாப்பாட்டோடு கொடுக்கும் கால்சியம் கார்பனேட் மாத்திரை. வயிறு உப்பலுக்குக் குடிக்கும், அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த ஆன்டாசிட். இரண்டும் குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அளவு நிலைக்கும் வரை இவற்றைத் தொடங்கலாமா என்று கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எலும்பு என்றால்: கால்சியமும் டி விட்டமினும் குறைவு இருந்தால் நிரப்பலாம், எலும்பை மீட்பது எடையும் மாதவிடாய் தானாகத் திரும்புவதும்தான். "பீரியட்ஸ் வரவைக்க" ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் ரத்தம் வரும், எலும்பு தேறியதாக அர்த்தமில்லை. வீட்டாருக்குத் தேறிவிட்டாள் என்ற பொய் நிம்மதி வந்துவிடும். டி விட்டமின் 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் வாரம் ஒன்றுதான். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

ஜூன் 11, மாலை 5.20 – முதுநகர்_மருந்தாளுநர்

குடிக்கும் சத்து பவுடர் வாங்க வருபவர்களிடம் நான் சொல்வது: டப்பாவில் "டயாபடிஸ்" என்றோ, சர்க்கரை சேர்க்காதது என்றோ இருந்தால் எடுக்காதீர்கள், இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது. பல நேரம் பிள்ளையே அதைத்தான் தேர்ந்தெடுத்துக் காட்டும். பீடியாஷ்யூர் வகை 2 முதல் 10 வயதுக்கானது, 15-க்குப் பெரியவர்களுக்கான பவுடர்.

ஜூன் 11, இரவு 8.45 – தட்டும்தம்ளரும்

முக்கியமான இடம், விரிவாகவே எழுதுகிறேன்.

குடிக்கும் சத்து பானத்துக்கு ஒரே வேலை: தட்டில் மிஞ்சியதை ஈடு செய்வது. சாப்பாட்டுக்கு 30 நிமிடம், இடைத்தீனிக்கு 15 நிமிடம். நேரம் முடிந்ததும் மிச்சத்தைக் கணக்கிட்டு அந்தக் கலோரிக்கு பானம், அதைக் குடிக்க 10, 15 நிமிடம். 500 கலோரி வேளையில் பாதி மிஞ்சினால் 250. மி.லி.க்கு ஒரு கலோரி உள்ள பானம் என்றால் 250 மி.லி., ஒன்றரை கலோரி என்றால் 165 மி.லி. பேரம் இல்லை, திட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். பாத்ரூம் கதவு அந்த நேரம் தாழிடப்படக் கூடாது.

தவறுவது எங்கே என்றால், கலப்பதில். டப்பாவோடு வரும் கரண்டி அந்த டப்பாவுக்கு மட்டும். வேறு கம்பெனிக் கரண்டியால் அளந்தால் கணக்கு போச்சு. ஒரு சமையலறைத் தராசு வாங்கி கிராமில் அளப்பது நல்லது. கெட்டியாகக் கலந்தால் கலோரி கூடும் என்று இஷ்டத்துக்குப் பவுடரைக் கூட்டினால் குமட்டலும் பேதியும் வரும். கலப்பது பெரியவர் வேலை. பிள்ளை கையில் விட்டால் தண்ணீர் கூடும், பவுடர் குறையும்.

வீட்டிலேயே செய்வதென்றால்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் (6 சதவீதக் கொழுப்பு) 200 மி.லி., அது 175 கலோரி. முழுக்கொழுப்புப் பால் பவுடர் 16 கிராம், 80. சர்க்கரை 10 கிராம், 40. பண்ருட்டி முந்திரி 20 கிராம், 115. ஆக 400-க்குக் கொஞ்சம் மேலே, ஒரு பெரிய தம்ளர். முந்திரியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, பாலோடு விழுதாக அரைக்க வேண்டும். ஒன்றிரண்டாக அரைத்தால் முந்திரி அடியில் தங்கும். மேல் பாலைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தால், அடியில் ஒட்டியிருக்கும் வண்டலிலேயே 50, 60 கலோரி போயிருக்கும். கடைசியில் கொஞ்சம் பாலை ஊற்றிக் கலக்கி அதையும் குடிக்க வைக்க வேண்டும். புதுச்சேரியின் பாண்லே பால் பாக்கெட் வாங்குபவர்கள் கொழுப்பு சதவீதத்தைப் படித்து வாங்குங்கள், நிறத்தை வைத்து வாங்காதீர்கள்.

சத்துமாவுக் கஞ்சி பற்றிக் கேட்பார்கள். 30 கிராம் மாவை ஒரு தம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் 110 கலோரி, வயிறோ நிறைந்துவிடும். அதையே பாலில் காய்ச்சி, நெய் ஒரு டீஸ்பூன் (45 கலோரி), வெல்லம் சேர்த்தால்தான் இந்த நோய்க்கு உதவும். இளநீர் உணவுக்கு மாற்று ஆகாது. வாந்தி எடுக்கும் பிள்ளையின் பொட்டாசியக் குறைவையும் இளநீரால் சரிக்கட்ட முடியாது.

ஜிம் புரோட்டீன் பவுடர் வேண்டாம். ஒரு கரண்டி 120 கலோரிதான், பசியை அடைக்கும், "கொழுப்பு இல்லாத சத்து" என்ற எண்ணத்துக்குத் தீனி போடும்.

ஜூன் 12, காலை 6.55 – தட்டும்தம்ளரும்

நேற்று எழுதியதைப் படித்தபின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பானத்தையே சாப்பாடாக்கிவிடாதீர்கள். அளவு தெரிந்த, லேபிள் ஒட்டிய தம்ளர் பிள்ளைக்குப் பயம் குறைந்தது. இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் பயம் கூடியது. தினமும் மூன்று வேளை பானம் குடித்து எடை ஏறிய பிள்ளை, பானம் நின்ற வாரமே இறங்கத் தொடங்கும். தட்டு முதலில் வர வேண்டும், தினமும், குடும்பத்தோடு. நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி. அந்த ஒரு ஸ்பூனைப் பொடியில் குழைத்துச் சாப்பிட்ட நாள், பவுடர் டப்பா தீர்ந்த நாளைவிடப் பெரிய முன்னேற்றம்.

மினசோட்டாவில் 1944, 45-இல் 36 ஆரோக்கியமான ஆண்களை அரைப்பட்டினி போட்டு, பிறகு உணவு கூட்டி மீட்ட ஆய்வு ஒன்று உண்டு, ஆன்சல் கீஸ் நடத்தியது. மீட்கும்போது சிலருக்கு விட்டமின் மாத்திரையும் சிலருக்குக் கூடுதல் புரதமும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. தேறியது கலோரி கூடியவர்கள். அவர்கள் இளம்பருவத்தினர் அல்ல, இந்த நோயும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் வாசகி வீட்டார் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது.

ஜூன் 14, இரவு 9.30 – கோரிமேடு_தந்தை

எங்க பையனுக்கு 12 வயசு. எடை குறைக்கணும்னு நினைப்பு எதுவும் இல்லை. சின்ன வயசுலேர்ந்தே வெள்ளைச் சோறு, சிப்ஸ், ஒரே கம்பெனி பிஸ்கட் மட்டும்தான். இதுக்கும் மேல சொன்னதெல்லாம் பொருந்துமா?

ஜூன் 14, இரவு 10.10 – தட்டும்தம்ளரும்

சார், இது வேறாக இருக்கலாம். எடை பயம் இல்லாமலே பல உணவுகளை ஒதுக்கும் கோளாறு, ஆர்ஃபிட் என்று 2013 முதல் தனியாகவே வகுத்திருக்கிறார்கள். இங்கே சத்து மாத்திரைக்கு உண்மையான வேலை உண்டு. எடை சரியாக இருந்தும் சி விட்டமின் இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசியலாம், கால் வலி என்று நடக்க மறுக்கலாம். ஏ, பி12, டி, இரும்பு எல்லாம் பார்க்க வேண்டும்.

கொடுக்கும் முறையில் கவனம். அவன் சாப்பிடும் மூன்று பொருளில் எதிலும் மருந்தை ஒளித்துக் கலக்காதீர்கள். சுவை ஒரு தரம் மாறினால் அந்தப் பொருளையும் விட்டுவிடுவான், மூன்று இரண்டாகும். மாத்திரை, சொட்டு, மெல்லும் வகை மூன்றையும் காட்டி எதை ஏற்கிறானோ அதை, சொல்லியே கொடுங்கள். அனோரெக்சியா பிள்ளைக்கும் இதே விதிதான். சோற்றில் நெய் போடுவது பெற்றோர் உரிமை, கேட்டால் "போட்டிருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 15, மதியம் 12.15 – முதுநகர்_மருந்தாளுநர்

இன்னொரு பக்கமும் பதிவாகட்டும். எடை குறைக்கும் டீ, "வயிறு சுத்தம்" சூரணம், இவற்றில் பலவற்றில் நிலாவாரை என்ற மலமிளக்கி இலை இருக்கும். குடம்புளி, கிரீன் டீ சத்து கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. பள்ளிப் பிள்ளை தனியாக வந்து மலமிளக்கி கேட்டால் நான் கொடுப்பதில்லை.

ஜூன் 15, இரவு 8.20 – தட்டும்தம்ளரும்

எல்லாக் கடையிலும் அப்படி இருந்தால் நிறைய பிள்ளைகள் தப்பும். மலமிளக்கியால் கலோரி போகாது, உணவு அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். போவது தண்ணீரும் பொட்டாசியமும். சட்டென்று நிறுத்தினால் சில நாள் கால் வீங்கி எடை ஏறியதுபோல் தெரியும், அதை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

ஜூன் 19, காலை 7.00 – வண்டிப்பாளையம்_வாசகி

வார்டுல இருக்கோம். நாடி 58. பாஸ்பரஸ் மூணாம் நாள் இறங்கி, மருந்து கொடுத்து ஏறிடுச்சு. தயமின் கொடுக்குறாங்க, இரும்பு நிறுத்திட்டாங்க. ஜிங்க் கேட்கலாமா? வீட்டுக்குப் போனதும் எதை எவ்வளவு நாள்?

ஜூன் 19, இரவு 9.15 – தட்டும்தம்ளரும்

ஜிங்க்: 1994-இல் ஒரு சிறிய ஆய்வில் தினம் 100 மி.கி. ஜிங்க் குளுகோனேட் (அதில் ஜிங்க் 14 மி.கி.தான்) கொடுத்தவர்களுக்கு எடை வேகமாக ஏறியது. ஒரு சிறு ஆய்வை வைத்து எல்லாருக்கும் கொடுக்க முடியாது. குறைவு இருந்தால் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் தாமிரச் சத்து குறையும்.

மல்ட்டிவிட்டமின், மினரல் ஒன்று, வயதுக்கேற்றது, தட்டு முழுதாகும் வரை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸின் வழிகாட்டியும் (2017) அதையே சொல்கிறது. சைவம் என்றால் பி12 பார்த்துக்கொள்ளுங்கள். ஒமேகா 3 எடை ஏற்றும் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் இல்லை, அந்தப் பணத்துக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம்.

வீட்டில் வாரம் 250 முதல் 500 கிராம் ஏறினால் சரியான போக்கு. ஒரே தராசு, காலையில், சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில், பாக்கெட்டைத் தடவிப் பார்த்து எடை போடுங்கள், எடையைக் கூட்டிக் காட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறுவது சகஜம். பானத்தைக் குறைக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு தம்ளர் மட்டும்: முதலில் மாலை தம்ளரை எடுத்து, அதே கலோரிக்கு வேர்க்கடலை உருண்டையோ நெய் தோசையோ வையுங்கள். இரண்டு வார எடை இறங்காமல் நின்றால் அடுத்த தம்ளர். இறங்கினால் எடுத்ததைத் திரும்ப வையுங்கள், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.